பஞ்சு மிட்டாய் முதல் சிக்கன் 65 வரை: உணவில் நிறம் சேர்க்கச் சட்டம் எதுவரை விடுகிறது?

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டன. மாதிரிகளைச் சோதித்ததில் ரோடமின்-பி கலந்திருந்தது தெரிந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது. மார்ச்சில் கர்நாடகமும் நிறம் சேர்த்த பஞ்சு மிட்டாயைத் தடுத்தது. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாது என்றும் சொன்னது. ஜூனில் கபாப் வகைகளும் அதில் சேர்ந்தன.

தடை உத்தரவு வந்ததால்தான் ரோடமின்-பி குற்றமாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006 நாடு முழுவதற்கும் பொது. அதன் விதிகள் 8 செயற்கை நிறங்களை மட்டும் அனுமதிக்கின்றன. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மாய்சின் போன்றவை அவை. பாக்கெட்டில் 102, 110, 122 என்று எண்ணாகவும் போட்டிருப்பார்கள். இவற்றையும் ஐஸ்கிரீம், பிஸ்கட், மிட்டாய் போன்ற குறிப்பிட்ட பண்டங்களில்தான் சேர்க்கலாம், அதுவும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். சிக்கன் 65-க்குச் செக்கச்செவேல் என்று பொடி போடுவது எந்த உத்தரவும் இல்லாமலேயே விதிமீறல். கடைக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாதது வருத்தமான விஷயம்.

சரி, மாநில அரசுக்கு என்ன அதிகாரம்? சட்டத்தின் 30-வது பிரிவுப்படி, மக்கள் நலன் கருதி மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஓர் உணவுப் பொருளின் தயாரிப்பு, இருப்பு, விநியோகம், விற்பனையைத் தடை செய்யலாம். ஒரு தடவை போட்டால் அதிகபட்சம் ஓராண்டு. தமிழ்நாட்டில் 2013-இல் தொடங்கிய குட்கா தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வந்தது இதனால்தான். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு வந்த தடையும் ஓராண்டுக்கானதே. ஆனால் அனுமதி இல்லாத சாயத்துக்கு இந்தக் காலக்கெடு பொருந்தாது. அது என்றைக்கும் கூடாதது. பாதுகாப்பற்ற உணவால் ஒருவரின் உயிரே போனால் விற்றவருக்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் அபராதமும் உண்டு.

சந்தேகம் வந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம், கடை முகவரியோடு புகார் அனுப்பலாம். அந்தத் துறையின் மாவட்டப் பொறுப்பாளரான நியமன அலுவலரிடமும் எழுதிக் கொடுக்கலாம்.

அதிகம் பேர் பயன்படுத்தாத உரிமை ஒன்று 40-வது பிரிவில் இருக்கிறது. வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சென்னையில் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அப்படியொரு ஆய்வகம் உண்டு. ஒரே நிபந்தனை, வாங்கும்போதே "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.