மூட்டைக்குள் இல்லாத 46

டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் 18:46:0 என்று அச்சடித்திருப்பார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) 18 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46, சாம்பல்சத்து (பொட்டாசியம்) கிடையாது. நடுவில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, கிட்டத்தட்டப் பாதி மூட்டை பாஸ்பரஸ் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். உள்ளே இருக்கும் பாஸ்பரஸ் 20 சதவீதம்தான். இதே உரத்தை ஆஸ்திரேலியாவில் 18:20:0 என்றே எழுதுகிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு எண், இரண்டுமே சரி. எப்படி என்று பார்க்க யூரியாவிலிருந்து தொடங்குவது சுலபம்.

யூரியா மூலக்கூறு ஒன்றில் கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4. இவற்றின் அணு நிறைகள் முறையே 12, 16, 14, 1. கூட்டினால் 12 + 16 + 28 + 4 = 60. இதில் நைட்ரஜனின் பங்கு 28. அதை 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 46.67 சதவீதம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் தலைகளை எண்ணினால் கதை வேறு. எட்டு அணுக்களில் இரண்டுதான் நைட்ரஜன், அதாவது கால்வாசி. பாதி அணுக்கள் ஹைட்ரஜன். நாலும் சேர்ந்து தராசில் ஏறினாலும் 60-க்கு 4-தான். சதவீத இயைபு என்று வேதியியலில் சொல்லும்போது பொதுவாக இந்த எடைக் கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

1828-ல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் ஆய்வகத்தில் தயாரித்த யூரியாவானாலும் சரி, மாட்டுச் சிறுநீரில் இருக்கும் யூரியாவானாலும் சரி, அதே 46.67-தான். சேர்மம் என்றால் இந்த எண் அசையாது.

அப்புறம் ஏன் யூரியா மூட்டையில் நைட்ரஜன் வெறும் 46 என்று போட்டிருக்கிறார்கள்? மூட்டைக்குள் இருப்பது தனிச் சேர்மம் அல்ல, ஒரு கலவை. யூரியாவை உருக்கிக் குருணையாக்கும்போது, சூட்டில் சில மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, ஓர் அம்மோனியாவை வெளியே விட்டுவிட்டு, பையூரெட் என்ற வேறு பொருளாகிவிடும். அதில் நைட்ரஜன் 40.8 சதவீதம். நம் நாட்டின் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை யூரியாவில் 1.5 சதவீதம் வரை பையூரெட்டை அனுமதிக்கிறது. அதிகமானால் பயிருக்கு ஆகாது. இலையில் தெளிக்கும்போது கருகல் வரும். சரி, அந்த வரம்பு வரை இருந்தால் நைட்ரஜன் எவ்வளவு குறையும்? 98.5 பங்கு யூரியா, 1.5 பங்கு பையூரெட்: 0.985 × 46.67 + 0.015 × 40.8 = 46.58. கலவைக்கு எப்போதும் இதுதான் வழி. ஒவ்வொரு பொருளின் சதவீதத்தையும் கலவையில் அதற்குள்ள பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மூட்டைக்கு மூட்டை இது கொஞ்சம் மாறும். 46 என்பது அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற வரம்பு.

இனி அந்த மணிச்சத்துக்கு வருவோம். தழைச்சத்தை நைட்ரஜன் என்ற தனிமமாகவே எழுதும் உரத்துறை, பாஸ்பரஸைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடாக மாற்றி எழுதுகிறது. டி.ஏ.பி.யில் அந்த ஆக்சைடு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் தாதுக்களையும் சாம்பலையும் ஆய்ந்த வேதியியலாளர்கள் முடிவுகளை ஆக்சைடுகளாக எழுதினார்கள். அந்தப் பழக்கம் மூட்டையோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு இது வேண்டாத சுமையாகவே படுகிறது. அந்த ஆக்சைடில் இரண்டு பாஸ்பரஸ் 62, ஐந்து ஆக்சிஜன் 80, ஆக 142. 62-ஐ 142-ஆல் வகுத்தால் 0.437. டி.ஏ.பி. மூட்டையின் 46-ஐ இதனால் பெருக்கினால் 20. ஆஸ்திரேலிய எண் கிடைத்துவிட்டது.

இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. சுத்தமான டை அம்மோனியம் பாஸ்பேட்டின் மூலக்கூறு நிறை 132. கணக்குப் போட்டால் நைட்ரஜன் 21.2, ஆக்சைடாகப் பார்த்த பாஸ்பரஸ் 53.8 சதவீதம் வரவேண்டும். மூட்டையில் 18, 46. பதினெட்டை 21.2-ஆல் வகுத்தாலும், 46-ஐ 53.8-ஆல் வகுத்தாலும் 0.85-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. பாறை பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து எடுக்கும் பாஸ்பாரிக் அமிலத்தோடு இரும்பு, அலுமினியம், மக்னீசியம் எல்லாம் கூடவே வந்துவிடுவதால், ஏறக்குறைய 85 பங்குக்கு மேல் சுத்தம் எதிர்பார்ப்பதில்லை.

பொட்டாஷும் அதே ஆக்சைடு கணக்குதான். பெயரே சாம்பல்சத்து. விறகுச் சாம்பலை நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி எடுத்த காலத்தின் மிச்சம். மூட்டையில் 60 என்றால் பொட்டாசியம் சுமார் 50.

வயலில் இது எங்கே உதவும்? ஒரு ஏக்கருக்குத் தழைச்சத்து 50 கிலோ, மணிச்சத்து 23 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வயலுக்கு எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். முதலில் டி.ஏ.பி.யைக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் அது இரண்டையும் கொண்டுவருகிறது. 50 கிலோ மூட்டை ஒன்றில் மணிச்சத்து 23 கிலோ, கூடவே தழைச்சத்து 9 கிலோ. பாக்கி 41 கிலோ. அதை 0.46-ஆல் வகுத்தால் யூரியா 89 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ என்பதால் இரண்டு மூட்டை போதும். யூரியாவை முதலில் கணக்கிட்டு, அப்புறம் டி.ஏ.பி.யைச் சேர்ப்பவர் அந்த 9 கிலோவுக்கு இரண்டு தரம் காசு கொடுக்கிறார்.

பரிந்துரையில் 23 என்பது ஆக்சைடா, தனிமமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனிமம் என்றால் 2.29-ஆல் (142-ஐ 62-ஆல் வகுத்து வருவது) பெருக்க வேண்டும். ஒரு மூட்டை டி.ஏ.பி. இரண்டேகால் மூட்டைக்கு மேல் போய்விடும். முதல் கணக்கின் இரண்டு மூட்டை யூரியாவில் கூடுதலாக வரும் 400 கிராம் தழைச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கையால் வீசும்போது அதைவிட அதிகம் கூடக் குறைய விழும்.