கேவர்னஸ் ஹிமாஞ்சியோமா: விழிக்குழியில் வரும் குருதிநாளக் கட்டி

ஸ்கேன் அறிக்கையில் 'ஆர்பிட்டல் கேவர்னஸ் ஹிமாஞ்சியோமா' என்று இருந்தால், 'ஓமா' என்ற முடிவைப் பார்த்ததுமே புற்றுநோய் என்று கலங்கிவிடுகிறவர்கள் உண்டு. இது புற்றுநோய் அல்ல. மற்ற உறுப்புகளுக்குப் பரவாது.

கிரேக்கத்தில் 'ஹைமா' என்றால் குருதி, 'ஆங்கெயோன்' என்றால் கலம் அல்லது குழல். 'ஓமா' என்ற ஈறு மருத்துவத்தில் பெரும்பாலும் கட்டியைக் குறிக்கும். அது தீங்கற்றதா, தீயதா என்பதைச் சொல்லாது. லைப்போமா சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். கண் அழுத்த நோயான கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது. 'கேவர்னஸ்' என்பது குகையைக் குறிக்கும் 'கவெர்னா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் கடற்பஞ்சு போல, குருதி நிரம்பிய அகன்ற அறைகள் தெரியும். 'ஆர்பிட்டா' இலத்தீனில் சக்கரத் தடம். மருத்துவத்தில் விழி அமர்ந்திருக்கும் எலும்புக் குழி.

பெரியவர்களின் விழிக்குழியில் வரும் தீங்கற்ற குருதிநாளக் கட்டிகளில் இதுவே அதிகம். நடுவயதில், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் விழியை அசைக்கும் தசைகள் சூழ்ந்த கூம்புக்குள், விழிக்குப் பின்னால் இருக்கும். அதனால் வலி இல்லாமல், பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஒரு கண் முன்னே தள்ளிவரும். பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டால்தான் சிலருக்கு அது புலப்படும். கட்டி பின்னாலிருந்து அழுத்தி விழியின் நீளத்தைக் குறைப்பதால், கண்ணாடிப் பவர் தூரப்பார்வைப் பக்கம், அதாவது பிளஸ் பக்கம் நகரலாம். பார்வை நரம்பை அழுத்தினால் பார்வையே மங்கும். கர்ப்பக் காலத்தில் சிலருக்குச் சற்று வேகமாக வளர்வதும் உண்டு.

சரி, பெயர் பொருத்தமானதா? 1982-இல் மல்லிகன், குளோவாக்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் குருதிநாளக் கோளாறுகளை இரண்டாகப் பிரித்தார்கள். நாளத்தின் உட்சுவர் செல்கள் பெருகி வளர்ந்தால் ஹிமாஞ்சியோமா. அப்படிப் பெருகாமல் நாளங்களின் அமைப்பே பிழையாக இருந்தால் அமைப்புக் குறைபாடு. நாம் பேசுவது இரண்டாவது வகை. அதற்குள் குருதி மிக மெதுவாகத்தான் ஓடும். அதனால் இப்போது 'கேவர்னஸ் வீனஸ் மால்ஃபார்மேஷன்' என்கிறார்கள். 'வீனஸ்' என்றால் சிரையைச் சார்ந்தது, அதாவது குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளம். 'மால்ஃபார்மேஷன்' என்றால் அமைப்புக் குறைபாடு. பிறந்த சில வாரங்களில் தோன்றி, வேகமாக வளர்ந்து, பிறகு தானே சுருங்கும் குழந்தைகளின் ஹிமாஞ்சியோமா முற்றிலும் வேறு. ஒரே பெயர் இரண்டுக்கும் ஒட்டிக்கொண்டதால்தான் இவ்வளவு குழப்பம்.

தமிழில் 'இரத்தக்குழாய்க் கட்டி' என்றாலே விளங்கும். ஆனாலும் 'குருதிநாளக் கட்டி' என்பதையே நான் விரும்புகிறேன். செல் பெருக்கம் உண்டா இல்லையா என்பதைப் பற்றி 'கட்டி' எதுவும் சொல்வதில்லை. கையில் தட்டுப்படும் எந்தத் திரட்சியையும் கட்டி என்கிறோம். 'புற்று' என்ற சொல்லை மட்டும் இதன் அருகே கொண்டுவரவே கூடாது. 'கேவர்னஸ்' என்பதற்கு 'குகை' என்று நேராகப் போட்டால் வாசிக்க ஒட்டவில்லை. உட்குடைவைக் குறிக்கும் 'புழை' பொருந்துகிறது. 'கண்குழி' என்றால் கண் உள்வாங்கியிருப்பதும் நினைவுக்கு வரும் என்பதால் 'விழிக்குழி' தெளிவு. ஆக, பழைய பெயருக்கு 'விழிக்குழிப் புழைக் குருதிநாளக் கட்டி'. புதியதற்கு 'விழிக்குழிப் புழைச் சிரை அமைப்புக் குறைபாடு'. நீளம்தான், வேறு வழியில்லை.

வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, தொல்லையும் தராவிட்டால், அவ்வப்போது பரிசோதித்து வந்தாலே பெரும்பாலும் போதும். பார்வை பாதிக்கப்பட்டால் அறுவை சிகிச்சை. கட்டியைச் சுற்றித் தெளிவான உறை இருப்பதால் பொதுவாக முழுசாக எடுத்துவிடலாம், திரும்ப வருவது அரிது. விழிக்குழியின் பின்முனையில், பார்வை நரம்பை ஒட்டி இருக்கும் கட்டிதான் மருத்துவருக்குக் கடினமானது.