பனி விரிசல் வழியே கடலடி மலை

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று பார்க்க, அப்பாரு ஒரு கல்லைப் போட்டுவிட்டு ‘தொப்’பென்று சத்தம் வரும்வரை ஒன்று, இரண்டு என எண்ணுவார். செயற்கைக்கோள் கடலை அளப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான், கல்லுக்குப் பதில் ரேடார் அலை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2010இல் ஏவிய கிரையோசாட்-2 சுமார் 717 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து கிளம்பும் அலை தண்ணீரில் பட்டுத் திரும்பிவர நொடியில் இருநூறில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டுமென்றால் ஒரு நொடியை 1,500 கோடிக் கூறு போட்டு அதில் ஒன்றை எண்ண வேண்டும். அப்பாருக்கு அது ஆகிற காரியமில்லை.

சரி, ரேடார்தான் கடல்நீருக்குள் இறங்காதே, அப்புறம் ஆழம் எப்படித் தெரிகிறது? கடல் ‘மட்டம்’ என்கிறோமே, அது மட்டமாகவே இல்லை. பாறை தண்ணீரைவிட அடர்த்தி என்பதால் கடலடி மலை சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. 2,000 மீட்டர் உயர மலைக்கு மேலே தண்ணீர் இரண்டு மீட்டர் போலக் குவிந்து நிற்கும், பள்ளத்துக்கு மேலே தாழ்ந்து கிடக்கும். பல கிலோமீட்டருக்குப் பரந்த மேடு என்பதால் கப்பலில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஓதம், அலை, நீரோட்டம் எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சும் மேடுபள்ளத்திலிருந்து ஈர்ப்பையும், அதிலிருந்து கடலடியின் வடிவத்தையும் கணக்கிடுகிறார்கள்.

துருவக் கடலில்தான் சிக்கல். மேலே பனி மூடியிருக்கிறது. ஆனால் பனிப்பாளங்களுக்கு நடுவே விரிசல்கள் உண்டு. அவற்றில் காற்றடித்து அலை எழும்ப இடமில்லாததால் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும், அதில் பட்ட ரேடார் அலையும் சுள்ளென்று கூர்மையாகத் திரும்பும். பனியிலிருந்து வருவது சிதறி மங்கலாக வரும். இந்தக் கூர்மையானவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தால் கடல்மட்டம் கிடைத்துவிடும். ஈ.ஆர்.எஸ்-1 செயற்கைக்கோளின் அளவீடுகளைக் கொண்டு லாக்சன், மெக்கடூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994இல் ஆர்க்டிக் கடலின் ஈர்ப்பு வரைபடத்தையே வெளியிட்டார்கள்.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இது அப்படியில்லை என்றாலும், இதுவும் நேரடி அளவல்ல. வண்டல் மூடிய பள்ளத்தாக்கு ஏமாற்றிவிடும், சின்னக் குன்றுகள் தப்பிவிடும், சரியான ஆழத்துக்குக் கப்பலில் போய் ஒலியால்தான் அளக்க வேண்டும். கிரையோசாட்-2 எட்டுவதும் 88 பாகை அட்சரேகை வரைதான். துருவத்தைச் சுற்றி அதன் பாதை தொடாத வட்டத்தின் குறுக்களவு, கோவையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் போகிற தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.