மருந்துப்போலியும் போலி மருந்தும்

உள்ளே மருந்தேதும் இல்லாமல், மருந்தின் உருவில் நோயாளிக்குக் கொடுக்கப்படும் 'பிளசிபோ' என்பதற்குத் தமிழில் 'போலி மருந்து', 'மருந்துப்போலி' என இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டிலும் இருப்பவை அதே இரு சொற்கள்தாம். முன்பின்னாக மாறியிருப்பதைத் தவிர வேறுபாடு எதுவுமில்லை என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியிலுள்ள வைத்தியசாலை ஒன்றுக்காக, கை கால் வழங்காமற் போகும் ஒரு நோயைப் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டுபோனபோது, 'போலி மருந்து' என்று நான் எழுதியிருந்த இடத்தைத் தாதி ஒருவர் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். "இதை வாசிச்சால், பாமசியில கள்ளக் குளிசை விக்கினம் எண்டெல்லோ சனம் நினைக்கும்" என்றார். அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. போலி வைத்தியர், போலி நாணயத்தாள், போலிக் கையொப்பம் என்று 'போலி' முன்னே நிற்கும் இடமெல்லாம் பொலிஸ் முறைப்பாட்டின் வாடை அடிக்கிறது.

பின்னே நிற்கும் 'போலி' அப்படிப்பட்டதன்று. 'போல்' என்னும் அடியிலிருந்து பிறந்த இச்சொல்லின் முதற்பொருள் ஒப்புமை. இலக்கணத்தில் 'அறம்' என்பது 'அறன்' என ஈறு திரிந்தால் அது கடைப்போலி. 'ஐந்து' 'அஞ்சு' என முழுதும் திரிந்தால் முற்றுப்போலி. 'இல்முன்' 'முன்றில்' என இடம் மாறினால் இலக்கணப்போலி. எழுத்து மாறியும் பொருள் மாறாமையையே அங்கெல்லாம் 'போலி' குறிக்கிறது. 'அறன்' என்று எழுதியவரை ஏமாற்றுக்காரர் என்று எவரும் சொன்னதில்லை. மருந்துப்போலியிலோ கதை தலைகீழாகிறது: உருவம் மாறாமல் உள்ளீடு மாறிவிடுகிறது. குளிசை குளிசையாகவே இருக்கிறது. அதற்குள் இருப்பது சீனியோ மாவோ மட்டுமே. ஆயினும் ஒன்றைப்போல் மற்றொன்று நிற்கிறது என்பதற்கு மேலாக இச்சொல் எந்தக் குற்றச்சாட்டையும் சுமக்கவில்லை. ஆகையால் 'மருந்துப்போலி' என்பதே தக்க சொல் என்று கொள்கிறேன். இந்நூலில் ஒன்று அந்நூலில் மற்றொன்று என்று கலந்து எழுதுவதை விட்டுவிடுதல் நல்லது.

மூலச் சொல்லின் பிறப்பு இதைக்காட்டிலும் சுவையானது. இலத்தீனில் 'பிளசிபோ' என்றால் 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். இடைக்கால ஐரோப்பிய ஆலயங்களில் இறந்தவருக்காகப் பாடப்பட்ட மாலை வழிபாடு, சங்கீதம் 116இன் ஒன்பதாம் வசனத்திலுள்ள இச்சொல்லோடு தொடங்கியது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'மகிழ்விப்பேன்' அன்று. கிரேக்க மொழிபெயர்ப்பில் அவ்வாறு மாறியதையே இலத்தீனும் பின்பற்றியது. நம் ஊர்த் தேவாலயங்களில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் எபிரேயத்தை ஒட்டி, 'நான் கர்த்தருக்கு முன்பாக ஜீவனுள்ளோர் தேசத்திலே நடப்பேன்' என்கிறது. கால் வழங்காமற் போனவர்களைப் பற்றிய அந்தத் துண்டுப்பிரசுரத்தில், 'பிளசிபோ'வுக்கு அடியில் 'நடப்பேன்' என்ற சொல் மறைந்து கிடப்பதைக் கண்டபோது எனக்கு ஒரு கணம் வியப்பாக இருந்தது.

சாவீட்டாரின் அன்னதானத்துக்காகவும் காசுக்காகவும், உறவேதும் இல்லாதவர்கள் வந்து அந்த வழிபாட்டில் சேர்ந்து பாடினார்கள். அதனால் 'பிளசிபோ பாடுதல்' என்பதற்கு முகமன் பேசுதல், இச்சகம் பாடுதல் என்ற பொருள் ஏறிற்று. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கதைச் செய்யுள் ஒன்றில், கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் ஒரு பாத்திரத்துக்குப் பிளசிபோ என்றே பெயர். உறவில்லாதவர் காசுக்காகச் சாவீட்டில் அழுவதைத்தான் நாமும் 'கூலிக்கு மாரடித்தல்' என்கிறோம். நம் 'ஒப்பாரி'க்கும் அகராதியில் ஒப்புமை என்ற பொருள் உண்டு என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்.

மருத்துவத்துக்குள் இச்சொல் 18ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. 1811இல் வெளிவந்த ஆங்கில மருத்துவ அகராதி ஒன்று, நோயாளிக்குப் பயன் தருவதைவிட அவரை மகிழ்விப்பதற்கே ஏற்ற மருந்து என்று இதற்கு விளக்கம் எழுதியது. அதற்குச் சற்று முன்னர், 1799இல், இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோன் ஹேகார்த் என்னும் வைத்தியர் ஒரு சோதனை செய்தார். உலோகக் கோல்களால் உடலைத் தடவினால் மூட்டுவாதம் தீரும் என்று பெரும் விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. அவர் மரக்கட்டையில் அதே உருவத்தில் கோல்கள் செய்து ஐந்து நோயாளிகளைத் தடவ, நால்வர் சுகம் கண்டதாகச் சொன்னார்கள். 20ஆம் நூற்றாண்டில் மருந்துப்போலி மருந்துச் சோதனைகளின் அளவுகோலாயிற்று. ஹென்றி பீச்சர் 1955இல் எழுதிய கட்டுரை அதன் வலிமையை மருத்துவ உலகில் பேசுபொருளாக்கியது.

இது மனப்பிராந்தி மட்டுமன்று. 1978இல் கடைவாய்ப்பல் பிடுங்கிய நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றில், மருந்துப்போலியால் குறைந்த வலி, அபின்வகை மருந்துகளை முறிக்கும் நலொக்சோன் ஏற்றியதும் திரும்பி வந்தது. அதாவது, எதிர்பார்ப்பு மூளையின் சொந்த வலிநீக்கிகளைச் சுரக்கச் செய்திருந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், அந்நோயில் குறைந்துபோகும் டோபமின் என்னும் இரசாயனத்தை மருந்துப்போலி வெளிவரச் செய்ததை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் இதன் எல்லை தெளிவானது. வன்னிக் காடுகளில் மலேரியாக் காய்ச்சல் வாட்டிய காலத்தில், குளோரோகுயினுக்குப் பதிலாகச் சீனிக் குளிசை கொடுத்திருந்தால் குருதியிலிருந்த ஒட்டுண்ணி ஒன்றுகூடச் செத்திருக்காது. வலி, குமட்டல், களைப்பு, நடுக்கம் போன்று மூளை தன் கணிப்பால் கூட்டவும் குறைக்கவும் கூடியவற்றிலேயே மருந்துப்போலிக்கு வேலை உண்டு.

'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான்என்று அப்பால்நாற் கூற்றே மருந்து' என்று குறள், நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்னும் நான்கையும் சேர்த்தே மருந்து என்கிறது. மருந்துப்போலியில் இந்த நான்கில் ஒன்று மட்டுமே வெறுமையானது. மற்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன. மருந்துப்போலி விளைவு என்பதை விளக்குவதற்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் எனக்குத் தெரியாது.

இனி, இச்சொல் மிகவும் உரசும் நோய்க்கு வருவோம். 'தொழிற்பாட்டு நரம்பியல் கோளாறு' என்பது அதன் பெயர். இலங்கைப் பாடநூல்களில் வளர்ந்த நமக்குத் 'தொழிற்பாடு' பழகிய சொல். தமிழ்நாட்டார் 'செயல்பாடு' என்பர். இதற்கு முன்னர் வழங்கிய 'ஹிஸ்டீரியா', கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்து பெண்களின்மீது பழி சுமத்தியது. பின்னர் வந்த 'மாற்றக் கோளாறு' என்ற பெயர், மனத்துயரமே உடற்குறியாக மாறுகிறது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதியது. இப்போதைய பெயர் காரணத்தைப் பற்றிப் பேசாமல், பிழைத்திருப்பது தொழிற்பாடு என்று மட்டும் சொல்கிறது. கை கால் வழங்காமை, நடுக்கம், குரல் அடைப்பு, மூளையில் காக்கைவலிப்புக்குரிய மின்மாற்றம் இல்லாமலே வரும் வலிப்பு ஆகியவை இதன் வடிவங்கள். கமக்காரருக்கு இதைச் சொல்வதானால், குளத்தில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்காலும் உடையவில்லை, துருசு மட்டும் சொன்னபடி திறக்கவில்லை என்று சொல்லலாம். துருசு திறக்காத வயலும் காய்ந்துதான் போகும். அதைப் பார்த்து வயல் நடிக்கிறது என்று எவரும் சொல்வதில்லை.

அதே வைத்தியசாலையில், உரிய அனுமதியோடு, ஒரு பரிசோதனையை அருகில் நின்று பார்க்க எனக்கு வாய்த்தது. நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண். இடக்கால் சில மாதங்களாக இழுபட்டது. இறுதிப் போரில் பட்ட செல் துண்டொன்று இடுப்புத் தசையில் இருந்தபடியால் எல்லாரும் அதையே காரணமாக நினைத்தார்கள். அது நரம்பைத் தொடவில்லை என்று படங்கள் காட்டின. அதன்பிறகு வீட்டிலும் அயலிலும் பேச்சு மாறிவிட்டது. "ஒரு பெலமான ஊசியாப் போட்டு எழுப்பி விடுங்கோ, டொக்டர்" என்றார் கூட வந்த தமையன். வைத்தியர் பதில் சொல்லாமல், படுத்திருந்தவரின் இடக் குதிக்காலின் கீழ்த் தன் உள்ளங்கையை வைத்து, "அக்கா, என்ர கையை அமத்துங்கோ" என்றார். குதி அசையவே இல்லை. பிறகு வலக்காலை மேலே தூக்கச் சொல்லி, மற்றக் கையால் அதைத் தடுத்துப் பிடித்தார். அவர் வலக்காலைத் தூக்க முயன்ற அந்த நொடியில், வழங்காத இடக்குதி வைத்தியரின் கையை மெத்தையோடு சேர்த்து அழுத்தியது. 1908இல் சார்ல்ஸ் ஹூவர் விவரித்த குறி இது. ஒரு காலைத் தூக்கும்போது மற்றதை ஊன்றுவது நினையாமல் நிகழ்வது. கவனம் வேறிடத்தில் இருக்கும்போது வழி திறந்துகொள்கிறது. "பாத்தீங்களே, பெலன் இருக்கு, வழியும் அடைபடேல்லை" என்றார் வைத்தியர். அந்தப் பெண் கேட்ட முதற்கேள்வி, "அப்ப நான் பொய் சொல்லேல்லைத்தானே, ஐயா?" என்பது.

தமையன் கேட்ட ஊசிக்கு நீண்ட வரலாறு உண்டு. வெறும் உப்புநீரை ஏற்றிவிட்டு 'இது வலிப்பை நிறுத்தும்' என்றோ, நோயை நிச்சயிப்பதற்காக 'இது வலிப்பை வரவழைக்கும்' என்றோ சொல்லும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. பலருக்கு அது சொன்னபடியே வேலையும் செய்தது; எதிர்பார்ப்பும் கவனமுமே இந்நோயின் பொறிகளாக இருப்பதால் அதில் வியப்பில்லை. இதனாலேயே, மருந்துப்போலியை இந்நோய்க்கு முறையான சிகிச்சையாக்கலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்தில், ஏமாற்றிக் கொடுப்பது இந்நோயாளிக்கு மற்றெவரையும்விடக் கூடுதலான தீங்கு செய்யும். ஊரார் 'நடிப்பு' என்று சொல்லும் ஒருவருக்கு, உள்ளே ஒன்றுமில்லாத ஊசியால் சுகம் வந்தது என்பது பின்னொரு நாள் தெரியவந்தால், 'பொய் வருத்தத்துக்குப் பொய் மருந்து' என்று ஊர் கணக்கை முடித்துவிடும். அவரும் அடுத்தமுறை வைத்தியசாலைப் படி ஏறமாட்டார்.

ஏமாற்றாமலும் கொடுக்கலாம் என்பது பிற்காலத்தில் கண்ட செய்தி. 2010இல் டெட் கப்சுக் குழுவினர், குடல் எரிச்சல் நோயுள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்கு, 'இதில் மருந்தில்லை' என்று நேரே சொல்லியே வெற்றுக் குளிசை கொடுத்தனர். மூன்று வாரங்களில் அவர்கள், குளிசை எடுக்காத மற்றவர்களைவிடத் தேறியிருந்தார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிப்பதைக் காணப் போகும் எவருக்கும் அது கடல்நீர் என்பது தெரியும். எண்ணெய் என்று சொல்லி அங்கே எவரும் ஊற்றுவதில்லை. கப்சுக் கொடுத்தது போன்ற குளிசையைச் 'சொல்லிக் கொடுக்கும் மருந்துப்போலி' எனலாம். நான் கண்ட ஹூவர் சோதனையோ அதற்கும் ஒருபடி மேலானது: அங்கே குளிசையும் இல்லை, நோயாளியின் காலே அவருக்குச் சாட்சி சொன்னது. விளங்கச் சொல்லுதல், கவனத்தைத் திருப்பி நடையை மீளப் பழக்கும் இயன்மருத்துவம், தேவையானவர்களுக்கு உளவளச் சிகிச்சை என்பவையே இன்று இந்நோய்க்கான முதன்மை வழிகள். அவை ஒவ்வொன்றிலும் எதிர்பார்ப்பு ஒளிவுமறைவின்றி வேலை செய்கிறது.

எஞ்சியிருப்பது எதிர்ச்சொல். தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே தீங்கைக் கொண்டுவருவதை, 1961இல் வால்டர் கென்னடி 'நோசிபோ' என்றார். இலத்தீனில் 'நான் கெடுப்பேன்' என்று பொருள். 'இனி நடக்கமாட்டாய்' என்று ஒருவர் வாய்தவறிச் சொல்வதும் இவ்வகையே. இதற்கு 'நஞ்சுப்போலி' என்று எழுதிக் கொண்டுபோனேன். அந்தத் தாதி சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, "இந்தச் சொல்லை வாசிச்சே சிலருக்கு வயித்தைக் கலக்கும்" என்றார். துண்டுப்பிரசுரத்தில் அந்த வரி வரவில்லை. சொல் மட்டும் என் கொப்பியில் அடிக்கோட்டோடு கிடக்கிறது.