கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய்: கையெழுத்துப் போடுமுன் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டியவை

கர்ப்பப்பையின் உட்சவ்வில் தொடங்கும் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிய வந்தால், முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவைதான். கர்ப்பப்பையோடு கருக்குழாய்களையும் பொதுவாகச் சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். தேவைப்பட்டால் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். இதை வயிற்றைத் திறந்தும் செய்யலாம், சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியாகவோ ரோபோ உதவியோடோ செய்யலாம். எந்த வழி, ஏன் அந்த வழி, மற்றதில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே சம்மதிப்பது நோயாளியின் உரிமை.

உலக மருத்துவச் சங்கம் 1981-இல் லிஸ்பனில் ஏற்று, பிறகு விரிவாக்கிய நோயாளி உரிமைப் பிரகடனம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சிகிச்சையின் நோக்கமும் விளைவும், மறுத்தால் என்ன ஆகும் என்பதும் நோயாளிக்குப் புரிய வேண்டும். எந்தக் கட்டத்திலும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். பல நாடுகளின் சட்டங்களும் இதை ஒட்டியே அமைந்திருக்கின்றன, வாசகம்தான் மாறும்.

சரி, இரண்டு வழிகளுக்கும் என்ன வித்தியாசம்? எல்லோருக்கும் முதலில் வரும் பயம், சிறு துளை வழியே செய்தால் நோய் மிச்சம் இருந்துவிடுமோ என்பது. இதைப் பெரிய அளவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2,600-க்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த 'லாப்-2' ஆய்வில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு இரு தரப்பிலும் 89.8 சதவீதம். லேப்ராஸ்கோப்பிக்கு நேரம் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் அறுவைக்குப் பின் வந்த ஓரளவு கடுமையான சிக்கல்கள் 14 சதவீதம்தான், திறந்த அறுவையில் 21. இரண்டு நாளுக்கு மேல் மருத்துவமனையில் தங்கியவர்கள் 52 சதவீதம், திறந்த அறுவையில் 94. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங்கில் 760 பெண்களிடம் நடந்த 'லேஸ்' ஆய்வும், நான்கரை ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய 81 சதவீதம் என்றே காட்டியது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. துளை அறுவை ஆபத்து என்று 2018-இல் வந்த ஆய்வு முடிவு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றியது. அது வேறு நோய், வேறு அறுவை. அதைப் படித்துவிட்டு, ஆரம்பக்கட்ட உட்சவ்வுப் புற்றுநோய்க்குத் துளை அறுவையே வேண்டாம் என்று மறுப்பது தேவையில்லாத பெரிய காயத்தை ஏற்றுக்கொள்வதாகிவிடும்.

அதற்காகத் திறந்த அறுவையைச் சொல்லும் மருத்துவர் எல்லாம் தவறு என்று ஆகாது. கர்ப்பப்பையை வயிற்றுக்குள் துண்டாக்காமல் முழுசாகவே வெளியே எடுக்க வேண்டும், துண்டாக்கினால் புற்றணுக்கள் சிதறக்கூடும். அது மிகப் பெரிதாக இருந்து பிறப்புவழியே வராது என்றால் வயிற்றைத் திறப்பதே சரி. நோய் வெளியே பரவியிருந்தாலும், துளை அறுவையின்போது தலை தாழ்ந்த நிலையில் நீண்ட நேரம் படுக்க இதயமோ நுரையீரலோ இடம் கொடுக்காவிட்டாலும் அப்படித்தான். காரணத்தைக் கேளுங்கள், உங்கள் உடல்நிலையைக் காட்டி விளக்க அவர் கடமைப்பட்டவர்.

அப்புறம், ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். துளை அறுவையாகத் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க நேரலாம் என்ற வரி அதில் இருக்கும். லாப்-2 ஆய்வில் நான்கில் ஒருவருக்கு அப்படி ஆனது, உடல் பருமன் கூடக் கூட வாய்ப்பும் கூடியது. "என்னைப் போன்றவர்களுக்கு இங்கே எத்தனை பேருக்கு மாற்ற வேண்டி வந்தது? இந்த அறுவையை நீங்கள் எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள்?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். சினைப்பைகளை எடுப்பது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மாதவிடாய் நிற்காத வயதில் அது உடனே மெனோபாஸைக் கொண்டுவரும்.

படிவம் புரியாத மொழியில் இருந்தால் புரியும் மொழியில் விளக்கச் சொல்லலாம். வீட்டாரோடு பேச அவகாசம் கேட்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.