தக்காளியின் ருசி மூக்கில்

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான குப்பம் வட்டாரத்தில் மாடித்தோட்டமும் கொல்லைத் தோட்டமும் போடுகிறவர்கள், தை பிறந்து தக்காளி குலுங்கக் காய்க்கும் நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். வாணியம்பாடி, கிருஷ்ணகிரியிலிருந்து சிலர் பஸ் ஏறி வருவார்கள். வி.கோட்டைக்காரர்களுக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். ஆளுக்கொரு தூக்குவாளியிலோ மஞ்சள் பையிலோ அவரவர் வீட்டுத் தக்காளி இருக்கும். ரகத்தின் பெயரை முன்கூட்டியே வெளியில் விடக் கூடாது என்பதுதான் அங்கே விதி. பழத்தை நறுக்கித் தட்டில் பரப்பி, தட்டுக்கு ஓர் எண் கொடுத்து, உப்பு டப்பாவை எட்டாத இடத்தில் வைத்துவிடுவார்கள். உப்பு பட்டால் சுமாரான தக்காளியும் நன்றாகத்தான் இருக்கும். பெயர் தெரிந்துவிட்டாலோ, நாக்கு அதற்கேற்றபடி சாட்சி சொல்லத் தொடங்கிவிடும்.

இப்படி ஒரு கூட்டத்தில் ஒருவர் பிரிக்ஸ் மீட்டர் கொண்டுவந்திருந்தார். கைக்கு அடக்கமான குழல். அதன் கண்ணாடிமேல் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஓர் எண்ணில் வந்து நிற்கும். சாற்றில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு அது. தக்காளியில் அப்படிக் கரைந்திருப்பதில் பெரும்பகுதி சர்க்கரை. கோலிக்குண்டு அளவு மஞ்சள் தக்காளி ஒன்று 8-ஐத் தொட்டது. கோணல்மாணலாக, பரங்கிக்காய்போல் வரி விழுந்த சிவப்புத் தக்காளி 5-க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஆனால் ருசியில் எல்லோரும் கைகாட்டியது வரித் தக்காளியைத்தான். மஞ்சள் தக்காளியை மென்று பார்த்த ஓர் அம்மா, "இனிப்பெல்லாம் இருக்கிறது தம்பி, தக்காளிதான் இல்லை" என்றார். கருவி வைத்திருந்தவருக்கு முகம் வாடிவிட்டது.

கருவியின் மீது பழி இல்லை. தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பாதியளவு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். அதோடு சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம், கொஞ்சம் குளுட்டமேட். நாக்குக்குத் தெரிவது இவ்வளவுதான்: இனிப்பு, புளிப்பு, நாவில் தங்கும் அந்தக் கறிச்சுவை. இவற்றை மட்டும் தண்ணீரில் கலந்து குடித்தால் தக்காளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தக்காளியைத் தக்காளியாக்குவது, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவி. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை மென்று, பாதியில் விரலை எடுத்துப் பாருங்கள். விரல் எடுத்த கணத்தில் தக்காளி வாய்க்குள் வந்து இறங்கும்.

இந்த ஆவியில் ஏறத்தாழ 400 சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் நம் மூக்குக்குப் பொருட்படும் அளவில் இருப்பவை இரண்டு டஜனுக்கு மேல் போகாது. ஒன்று அப்போது வெட்டிய புல்லின் வாசம். ஒன்று ரோஜா. ஒன்று எலுமிச்சைப்புல்லில் இருக்கும் அதே ஜெரானியல். மெத்தில் சாலிசிலேட் என்பது மூட்டுவலித் தைலத்தில் மணப்பது. அதுவும் தக்காளியில் உண்டு, கூடிப்போனால் மருந்து வாடை அடிக்கும். தனித்தனியாக முகர்ந்தால் எதிலுமே தக்காளி இல்லை. அளவோ மிக மிகக் குறைவு. பீட்டா அயனோன் என்ற சேர்மத்தை, நூறு கோடி பங்கு நீரில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் நூறில் ஒன்றுக்கும் குறைவாகக் கரைத்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சந்தையில் பலர் தக்காளியைக் காம்புப் பக்கம் முகர்ந்துவிட்டு "நல்ல நாட்டு வாசனை" என்று வாங்குகிறார்கள். அது பழத்தின் வாசனை அன்று. தண்டிலும் புல்லிவட்டத்திலும் இருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்கள் உடைவதால் வருவது. தக்காளி பறிக்கிறவர்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும்: பச்சையாக ஒட்டத் தொடங்கி, மதியத்துக்குள் கறுத்துத் தடித்திருக்கும், ஒரு முறை சோப்புப் போட்டால் போகாது. காம்பில் மணப்பது அந்தப் பிசின்தான். உள்ளே பழம் சப்பென்று இருந்தாலும் காம்பு மணக்கும்.

இனிப்பு விவகாரத்துக்கு வருவோம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரி கிளீயின் குழு, பழைய ரகத் தக்காளிகளை ஆட்களுக்குக் கொடுத்து மதிப்பெண் வாங்கி, அதே பழங்களை வேதியியல் முறையிலும் பிரித்துப் பார்த்தது. 2012-இல் வெளியான அந்த ஆய்வில் 'எல்லோ ஜெல்லி பீன்' என்ற சிறு மஞ்சள் ரகத்தில் சர்க்கரை அதிகம். 'மட்டினா' என்ற சிவப்பு ரகத்தில் அதைவிடக் குறைவு. ஆனால் தின்றவர்களுக்கு மட்டினா ஏறக்குறைய இரு மடங்கு இனிப்பாகத் தெரிந்தது. காரணம் சில மணங்கள். மூளை அவற்றை இனிப்போடு சேர்த்தே கணக்கு வைத்திருக்கிறது. மூக்கில் பட்டதும் நாக்கின் இனிப்பைக் கூட்டிச் சொல்கிறது. குப்பத்து அம்மா சொன்னதும் இதைத்தான், ஒரே வரியில்.

இந்த மணங்கள் பழத்தில் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. புல்வாசம் தருகிற ஹெக்ஸனால் வகைகள், கத்தியோ பல்லோ பட்டு செல் உடையும்போதுதான் பிறக்கின்றன: செல்சவ்வின் கொழுப்பு அமிலங்கள் நொதியோடு கலந்து அந்த நொடியிலேயே உண்டாகின்றன. நறுக்கி வெகுநேரம் வைத்த தக்காளி மந்தமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. ருசிக் கூட்டத்தில் சாப்பிடுகிற ஆள் எதிரே வந்து நின்ற பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

இன்னொரு வகை மணங்கள் நிறத்திலிருந்து வருகின்றன. பழத்தைச் சிவப்பாக்கும் லைகோபீன் உடையும்போது ஜெரானியல் கிடைக்கிறது. பீட்டா கரோட்டின் உடைந்தால் பீட்டா அயனோன். வெளிர்மஞ்சள் தக்காளியில் இந்தச் சாயங்கள் உருவாகும் பாதை ஆரம்பத்திலேயே ஒரு மரபணுக் கோளாறால் அடைபட்டிருக்கிறது. சாயம் இல்லை, ஆகவே அதன் மணமும் இல்லை. "மஞ்சள் தக்காளியில் புளிப்பு குறைவு" என்று எல்லாரும் சொல்வதை நான் நம்புவதில்லை. அமிலம் பெரும்பாலும் இருக்கத்தான் இருக்கிறது. மணம் குறைந்ததால் மொத்தமும் சாதுவாகத் தெரிகிறது. கண்ணைக் கட்டிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் கொடுத்தால், நிறத்தை மூக்காலேயே சொல்லிவிடுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு.

வரித் தக்காளி வென்றதற்கு மணத்தோடு இன்னொரு காரணமும் இருந்தது. குறுக்கே வெட்டினால் ஆப்பிள் தக்காளியில், அதாவது பெங்களூர் தக்காளியில், இரண்டு மூன்று அறைகள்தான். சுற்றிலும் தடித்த சதைச்சுவர். வரித் தக்காளியில் அறைகள் ஏழெட்டு, ஒவ்வொன்றிலும் விதையைச் சுற்றி வழுவழுப்பான கூழ். அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிற மரபணு மாற்றங்களே பழத்துக்கு அந்த வரிகளையும் தருகின்றன. அமிலம் கூழில்தான் அதிகம். குளுட்டமேட்டும் அப்படியே: 2007-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வு, கூழில் அது சதையைவிட மூன்று மடங்குக்கு மேல் இருப்பதைக் காட்டியது. ரசத்துக்கும் ஆந்திரப் பருப்பான பப்புக்கும் நாட்டுத் தக்காளிதான் என்று இரண்டு பக்கத்து அடுப்படியிலும் பிடிவாதம் பிடிப்பது வெறும் பழக்கம் அன்று. சில சமையல் நிகழ்ச்சிகளில் விதையையும் கூழையும் வழித்துக் கொட்டச் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அப்படியானால் கடைத் தக்காளிக்கு என்ன ஆயிற்று? ஒரு பகுதி கதை பழத்தின் தோளில் இருக்கிறது. பழைய ரகங்கள் காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும்; பழுத்த பிறகும் அங்கே கொஞ்சம் மஞ்சள் அல்லது பச்சை நிற்கும். பார்வைக்குப் பழுக்காததுபோல் தோன்றும். முழுதும் ஒரே நிறமாகப் பழுக்கிற ஒரு திடீர் மாற்றம் கிடைத்ததும், பயிர்ப் பெருக்கக்காரர்கள் அதை எழுபது ஆண்டுகள்போல ஆசையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அந்த மாற்றத்தில் உடைந்துபோனது எந்த மரபணு என்று 2012-இல்தான் தெரிந்தது. காயில் பச்சையத்தைப் பெருக்கி, காயே வெயிலில் கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்ள வழிசெய்யும் மரபணு அது. அழகுக்காகத் தோளைச் சீவியதில் சர்க்கரையும் கொஞ்சம் போயிற்று. 2017-இல் அதே கிளீயின் குழு 398 ரகங்களை ஆராய்ந்தபோது, ருசிக்கு முக்கியமான 13 மணச் சேர்மங்கள் நவீன ரகங்களில் கணிசமாகக் குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை. அவற்றை யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் விவசாயியையோ விதை ஆராய்ச்சியாளரையோ குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வடக்கே மதனப்பள்ளி மார்க்கெட்டில் நின்று பார்த்தால் நியாயம் புரியும். பீடபூமி மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். வெயில் காலத்திலும் இரவு சற்று இறங்குகிறது. இரவு வெப்பம் கூடினால் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும் என்பதால், சமவெளியில் காய் பிடிக்காத மாதங்களிலும் இங்கே காய்க்கும். அங்கிருந்து லாரி ஏறும் தக்காளி பல நூறு கிலோமீட்டர் போகிறது. பெட்டிக்கு அடியில் இருப்பது நசுங்காமல் போய்ச் சேர வேண்டும். ஏலத்தில் விலை எடைக்கும் கெட்டித்தன்மைக்கும். மணத்துக்கு ஒரு பைசா கிடையாது. வாடலும் இலைச்சுருட்டை நச்சுயிரும் தின்றது போக மிஞ்சுவதில் பிழைக்கிறவர் வீரிய ரகம் போடாமல் என்ன செய்வார்? கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலையில் நாட்டு ருசி கேட்டு யாரும் கடைக்குப் போகவில்லை.

தவிர, பழி முழுவதும் விதையின் மேல் இல்லை. லாரிக்காகச் செங்காயாகவும், சில சமயம் அதற்கும் முன்பேயும் பறித்துவிடுகிறார்கள். பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை எதிர்கொண்டதும் பழம் பெட்டியிலேயே சிவந்துவிடும். ஆனால் காம்பு அறுந்த பிறகு இலையிலிருந்து சர்க்கரை வராது. வாங்கியவர் வீட்டில் ஃபிரிட்ஜ் காத்திருக்கிறது. 12 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால், மணத்தைச் செய்யும் மரபணுக்கள் அணைக்கப்படுகின்றன. வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாக மீள்வதில்லை. சர்க்கரையும் அமிலமும் அப்படியே இருக்கும், ஆகவே பிரிக்ஸ் மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. சித்திரை வெயில் வேறு கதை. 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் லைகோபீன் சரியாக உருவாவதில்லை. தையில் செக்கச்செவேல் என்று பழுத்த அதே செடி ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும். விதை மாறிவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை.

'நாட்டு' என்று சொல்வதிலும் சற்று நிதானம் வேண்டும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக் காட்டுச் செடி, மெக்சிகோவில் பெருத்து, போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. நாம் நாட்டுத் தக்காளி என்று கைமாற்றிக்கொள்வதில் பலவும் கல்லூரி, ஆராய்ச்சி நிலையங்களின் பழைய வெளியீடுகள். பூசா ரூபி ஓர் அமெரிக்க ரகமும் இந்திய ரகமும் கலந்து தில்லியில் பிறந்தது. பச்சைத் தோளும் தட்டை உருவமும் கொண்ட பி.கே.எம்.1, அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் திடீர் மாற்றம் தூண்டிப் பெரியகுளத்தில் உருவானது. இவற்றுக்கும் வீரிய ஒட்டுக்கும் உள்ள வேறுபாடு வயதில் இல்லை, விதை எடுத்தால் தாயைப் போலவே வருமா என்பதில். பழைய ரகம் என்பதற்காகவே ருசி வந்துவிடாது என்பதும் தட்டுகளில் தெரிந்ததுதான். வெளிநாட்டு விதையில் வந்த ஒரு கறுப்புத் தக்காளி, பழுக்கும்போதும் பச்சையத்தை விடாததால் அந்த நிறம், பார்க்க ராஜா மாதிரி இருந்தது. தின்றால் நனைத்த காகிதம்.

ஒரே துண்டுக்கு இருவர் நேரெதிராகத் தீர்ப்பு சொல்வதையும் அங்கே காணலாம். ஒருவருக்குப் பூ மணக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. முன்னே சொன்ன பீட்டா அயனோனை உணரும் திறன், மூக்கில் உள்ள ஓர் ஏற்பியின் மரபணுவைப் பொறுத்தது. சிலருக்கு அது வேலை செய்யும், சிலருக்கு ஏறக்குறையச் செய்யாது. நாக்குச் சண்டை என்று நினைத்து அண்ணனும் தம்பியும் மல்லுக்கட்டுவது உண்மையில் மூக்குச் சண்டை. வாக்கெடுப்பு வைத்துப் பயன் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விதைப் பரிமாற்றம். தக்காளிப் பூவில் மகரந்தப்பைகள் ஒன்றாக ஒட்டி ஒரு மஞ்சள் கூம்பாக நிற்கும். சூலகமுடி பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். காற்றில் ஆடினால் சொந்த மகரந்தம் சொந்த முடியில் விழும். அதனால்தான் பத்து ரகத்தை ஒரே மாடியில் வைத்தாலும் விதை பெரிதாகக் கலப்பதில்லை. வீரிய ஒட்டு அப்படியல்ல. முதல் தலைமுறை அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அதன் விதையைப் போட்டால் பாட்டன் பாட்டியின் குணங்கள் கண்டபடி பிரிந்து வெளிவரும். ஆனால் வரித் தக்காளியின் பெரும்பூக்களில் சில சமயம் சூலகமுடி கூம்புக்கு வெளியே எட்டிப்பார்க்கும். மரத்தைத் துளைக்கும் கருவண்டு வந்து பூவைப் பற்றி, உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். அது அடுத்த ரகத்துக்கும் போகும். விதைக்கு என்று நினைக்கும் கொத்துக்கு மொட்டிலேயே மல் துணிப் பை கட்டிவிடுவது நல்லது.

நன்றாகப் பழுத்ததைப் பிதுக்கி, கூழோடு ஒரு டம்ளரில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். மேலே வெள்ளைப் பூஞ்சை படரும், நாறும். அது சரியான அறிகுறி. பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் விதையைத் தடுத்து வைத்திருந்த வழுவழுப்பு அப்போது கரைந்துபோகும். கழுவினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்தால் நான்கைந்து ஆண்டு முளைப்புத்திறன் இருக்கும். இலையில் திட்டுத்திட்டாகப் பசலை விழுந்த செடியிலிருந்து மட்டும் விதை வேண்டாம். புகையிலைத் தேமல் நச்சுயிர் விதைத்தோலில் ஒட்டிக்கொண்டு வரும். பீடி, சுருட்டு தொட்ட விரலிலிருந்தும் செடிக்குத் தாவும்; காய்ந்த புகையிலையில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கக் கூடியது. அந்தக் கூட்டத்தில் விருந்தினருக்கு வெற்றிலை பாக்கு தாராளமாக உண்டு, புகையிலை மட்டும் கிடையாது. பீடி பிடித்துவிட்டு வருகிறவர் தொட்டியடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே நாற்றுப் பக்கம் போகலாம்.