போனில் பறக்கும் வைஃபை, லேப்டாப்பில் ஏன் தவழ்கிறது?

"100 எம்பி பிளான் போட்டிருக்கிறோம். போனில் 90-க்கு மேல் காட்டுகிறது. லேப்டாப்பில் 40-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது." கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் புகார் காதில் விழும். சொல்பவர் அதற்கு முன்பே கேபிள்காரரிடம் சண்டை போட்டு முடித்திருப்பார். சிலர் 200 எம்பி பிளானுக்கே மாறியிருப்பார்கள். அதன் பிறகும் 40 அசையாமல் நிற்கும். வெளியூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்கள் மாதாமாதம் தேவையில்லாமல் கூடுதல் பணம் கட்டுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. தடை பெரும்பாலும் லேப்டாப்புக்கு உள்ளேயே, வைஃபை கார்டு என்னும் ஒரு சிறு பாகத்தில் இருக்கிறது.

பின்மூடியைக் கழற்றினால் அது கண்ணுக்குத் தெரியும். இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு தகடு. ஒரு முனையில் தங்க முலாம் பூசிய தொடுமுனைகள், மறுமுனையில் அதைப் பிடித்து வைக்கும் ஒற்றைத் திருகு. மேல்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள வட்டப் பொத்தான்கள் ஒன்றோ இரண்டோ. ஒவ்வொன்றிலும் நூல் போன்ற ஒயர் செருகியிருக்கும், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல் அல்லது வெள்ளை. அந்த ஒயர்கள் பலகையின் ஓரமாக ஓடி, கீலுக்குள் புகுந்து, திரையின் சட்டத்துக்குள் மறைகின்றன. ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. கார்டு வெறும் வானொலிக் கருவி. அதற்குக் காதும் வாயும் அந்த ஒயர்களின் மறுமுனையில்.

அந்த 40 எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒற்றை ஆன்டெனாவோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும், 802.11என் என்ற பழைய வைஃபை தரத்தைச் சேர்ந்த கார்டை எடுத்துக்கொள்வோம். மலிவு விலை லேப்டாப்களில் நெடுங்காலம் இதுதான் வந்துகொண்டிருந்தது. இதன் அலை விநாடிக்கு 240 கோடி முறை துடிக்கிறது; அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். கார்டுக்குக் கிடைக்கும் வழித்தடத்தின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அந்த அகலம் முழுவதிலும் ஒரே அலையை அது அனுப்புவதில்லை. தடத்தைப் பல குறுகிய துணை அலைகளாகப் பிரித்து, அவற்றில் 52-இல் தகவலை ஏற்றுகிறது. ஒவ்வொரு துணை அலையின் வீச்சையும் (அலையின் உயரம்) கட்டத்தையும் (அலை தொடங்கும் நிலை) மாற்றி மாற்றி வைக்கும்போது, அதிகபட்சமாக ஒரு நேரத்தில் 6 பிட்டுகளை, அதாவது ஆறு 0 அல்லது 1-களை, அதில் ஏற்ற முடியும். 52 பெருக்கல் 6, மொத்தம் 312 பிட்டுகள். வழியில் ஏற்படும் பிழைகளைத் திருத்துவதற்காக அதில் ஆறில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. மீதி 260. இந்த 260 பிட்டுகள் 3.6 மைக்ரோவிநாடிக்கு ஒரு முறை புறப்படுகின்றன. வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 72 மெகாபிட்.

லேப்டாப்பின் வைஃபை விவரங்களில் 'இணைப்பு வேகம் 72' என்று காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் அதுவும் முழுதாகக் கைக்கு வராது. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஒரு தடத்தில் பேச முடியும். கார்டு முதலில் காற்றைக் கவனிக்கிறது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறுக்கிறது. அமைதி வந்ததும் ஒரு சிறு இடைவெளி விட்டுத் தகவலை அனுப்புகிறது. 'வந்து சேர்ந்தது' என்ற பதில் ரூட்டரிடமிருந்து வரும்வரை காத்திருக்கிறது. பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்ப வேண்டும். இந்தக் காத்திருப்பிலேயே பாதிக்கு அருகில் கரைந்துபோகிறது. மிச்சம் நாற்பதும் சில்லறையும். வீட்டுக்கு 1,000 மெகாபிட் வந்தாலும் இந்தக் கார்டு வழியாக அதற்கு மேல் வராது. அதே வீட்டில் உள்ள போன் 5 கிகாஹெர்ட்ஸில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரண்டு ஆன்டெனாவோடு பேசினால் அதன் இணைப்பு வேகம் 867 மெகாபிட் வரை போகும். கேபிள்காரர் மீது குற்றமே இல்லை.

கணக்கில் வந்த அந்த 3.6 மைக்ரோவிநாடியில் 0.4 மைக்ரோவிநாடி தகவலுக்கானது அல்ல. அது எதிரொலி அடங்குவதற்காக விடப்படும் இடைவெளி. கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். இரண்டு குழாய்களுக்கு நடுவே நின்று கேட்டால் ஒரே அறிவிப்பு முன்னும் பின்னுமாக வந்து, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் மோதி, எதுவும் புரியாமல் போகும். வீட்டுக்குள் வானொலி அலைக்கும் இதே கதிதான். நேராக வரும் அலை ஒன்று, பீரோவில் பட்டு வருவது ஒன்று, கம்பி கட்டிய கூரையில் பட்டு வருவது ஒன்று. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1990-களின் தொடக்கத்தில் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தகவலை ஒரே அலையில் வேகவேகமாகக் கொட்டாமல் பல துணை அலைகளில் பிரித்து நிதானமாக அனுப்பு, ஒவ்வொன்றுக்கும் இடையே எதிரொலி அடங்கக் கொஞ்சம் பொறு என்பது அதன் சாரம். வெடிக்கும் சிறு கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய சிதறிய வானொலித் துடிப்புகளைத் தேடிய அனுபவம் ஓ'சல்லிவனுக்கு முன்பே இருந்தது. அந்தத் துடிப்புகள் அகப்படவில்லை. அந்தத் தேடலில் கற்ற கணிதம் இன்று நம் வீடுகளில் வேலை செய்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இரண்டாவது ஆன்டெனா வந்த பிறகு எதிரொலியே உதவிக்கு வந்தது. சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஆன்டெனாக்களுக்கும் எதிரொலிகள் வெவ்வேறு விதமாகக் கலந்து கேட்கும். அந்த வேறுபாட்டைக் கொண்டே, ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் வரும் இரண்டு தனித்தனித் தகவல் ஓட்டங்களைக் கார்டு பிரித்தெடுத்துவிடும். வேகம் இரட்டிக்கும். எனவே லேப்டாப் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, வைஃபை இருக்கிறதா என்பதல்ல. கார்டு ஒன்றுக்கு ஒன்றா (ஒரே ஆன்டெனா), இரண்டுக்கு இரண்டா (இரண்டு ஆன்டெனா), 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்குமா என்பது. அந்த 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் தாராளமான இடத்தை மத்திய அரசு 2018-இல் உரிமம் தேவையில்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது.

அடுத்த புகார் இப்படி வரும்: "ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாக வருகிறது. அடுத்த அறைக்குப் போனால் டவரே இல்லை." இதைக் கேட்டதும் நல்ல மெக்கானிக் திருப்பிக் கேட்பது, சமீபத்தில் லேப்டாப்பைத் திறந்தீர்களா என்றுதான். எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் போட்டபோதோ பேட்டரி மாற்றியபோதோ அந்தப் பொத்தானிலிருந்து ஒயர் நழுவியிருக்கும். ஒயர் இல்லாமலும் கார்டு கொஞ்சம் கேட்கும். பொத்தானின் உலோகமே ஒரு மோசமான ஆன்டெனாவாகிவிடுகிறது. கார்டு அனுப்பும் ஆற்றல் பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள். அதற்கு வந்து சேர்வதோ, நல்ல நிலையிலேயே, ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில். இவ்வளவு மெல்லிய குரலைக் கேட்கும் கருவிக்கு ஒயர் நழுவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொத்தான் மீது ஒயரின் தலையை நேராக வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். திரையை முன்னும் பின்னும் சாய்க்கும்போது சிக்னல் ஏறி இறங்கினால், கீலில் நசுங்கிய ஒயர் மீது சந்தேகப்பட வேண்டும்.

இடமும் ஒரு காரணம். குளச்சல், இனயம், தூத்தூர் போன்ற கடற்கரை ஊர்களில் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் அத்தனையும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும்போது, சிக்னல் முழுதாகக் காட்டினாலும் கார்டு தன் முறைக்காகக் காத்துக்கிடக்கும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் கதை வேறு. ரப்பர் தோட்டத்துக்குள் தள்ளித்தள்ளி வீடுகள். போட்டியிட ஆளில்லை, ஆனால் தடித்த வெட்டுக்கல் சுவரும் மரங்களும் குறுக்கே நிற்கும். மழைக்காலத்தில் வைஃபை படுத்துவிடுகிறது என்பார்கள். வீட்டு அளவிலான தூரத்தில் பெய்யும் மழைத்துளிகள் இந்த அலையை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. நீர் ஊறிய சுவரும் நனைந்த இலைக்கூட்டமும் அலையை விழுங்கத்தான் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் இன்னும் அதிகமாகத் தேயும் என்பதால், ரூட்டர் இருக்கும் அறையில் 5, தள்ளியிருக்கும் அறையில் 2.4 என்று வைத்துக்கொள்வது நல்லது.

சும்மா வைத்திருந்தால் மட்டும் இணைப்பு அறுந்துபோகிறது என்றால், மின்சாரம் மிச்சப்படுத்த கார்டு தூங்கப்போய்ச் சரியாக விழிக்கவில்லை என்று பொருள். அந்த மின்சேமிப்பு வசதியை நிறுத்திவிட்டு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கார்டை மாற்றுவது என்று முடிவெடுத்தால், செருகுமிடம் பொருந்துகிறதே என்று அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 200 முழுமையான கார்டு. 201-இல் வானொலிப் பகுதி மட்டுமே உண்டு; மீதி வேலையை லேப்டாப்பின் பலகையில் உள்ள, அதற்கென வடிவமைத்த இன்டெல் சிப்செட் (துணைச் சில்லு) செய்ய வேண்டும். பழைய லேப்டாப்பிலோ ஏஎம்டி லேப்டாப்பிலோ 201-ஐச் செருகினால் கார்டு இருப்பதே தெரியாது. சில பழைய லேப்டாப்கள் தயாரிப்பாளர் அனுமதித்த பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் தொடக்கத்திலேயே நின்றுவிடும். உள்ளே ஒரே ஒயர் இருந்தால், இரண்டு ஆன்டெனா கார்டின் முழுப் பலனும் கிடைக்காது. இதற்கெல்லாம் இடம் கொடுக்காத லேப்டாப்புக்கு யுஎஸ்பி துளையில் வெளியிலிருந்து செருகும் வைஃபை டாங்கிள் போதும். வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதை வாங்குங்கள். யுஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்பதால், ஒரு சிறு நீட்டிப்பு ஒயர் போட்டுத் தள்ளி வைத்தால் இன்னும் நன்றாக எடுக்கும்.

கடைசியாக, வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் உள்ள நம் மாவட்டத்தில் தலைகாட்டும் ஒரு விசித்திரமான புகார். அமெரிக்காவிலிருந்து வந்த லேப்டாப். அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, சொந்த வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லை. போனிலோ தெரிகிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 தடங்கள் வரை பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்கான கார்டுகள் பொதுவாக 11-உடன் நிறுத்தப்பட்டவை. வீட்டு ரூட்டர் தானாக 12 அல்லது 13-ஐத் தேர்ந்துகொண்டால் அந்தக் கார்டு அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. ரூட்டரின் அமைப்புகளுக்குள் போய், 'ஆட்டோ' என்றிருப்பதை எடுத்துவிட்டு 1, 6, 11-இல் நெரிசல் குறைந்த ஒன்றை வைத்தால், சற்று நேரத்தில் வீட்டு வைஃபையின் பெயர் லேப்டாப்பின் பட்டியலில் வந்துவிடும்.